ஒட்சிசன் எடுக்கிற பக்கற்

எனக்குச் சந்தேகப் புத்தி. இதை என் கணவர் நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கனடாவில் இருக்கும் மகள் கிழமைக்கு ஒரு தடவை தொலைபேசியில் சொல்கிறாள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்கிற வேலை. நான் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் ஒருமுறை தூக்கிப் பார்ப்பேன். மருந்துப் போத்தலில் திகதியை வாசித்துவிட்டு, அதன் மேல் வேறு திகதி ஒட்டியிருக்கிறார்களோ என்று நகத்தால் சுரண்டுவேன். இந்தக் குணத்தால் எங்களுக்கு நன்மையே தவிர ஒரு கெடுதலும் வந்ததில்லை என்றுதான் போன வருடம் வரைக்கும் நினைத்திருந்தேன்.

நாங்கள் யாழ்ப்பாணத்துக்குப் பாலம் தாண்டிப் போகவேண்டிய தீவில், புளியங்கூடலில் இருக்கிறோம். அவர் தெற்கில் ஒரு நகரத்தில் முப்பது வருடம் மிளகாயும் மல்லியும் அரைக்கிற மில் வைத்திருந்தவர். மூக்கை மூடித் துணி கட்டிக்கொண்டு வேலை செய்யுங்கோ என்றால், பிறகு வருகிற சனத்தோடு எப்படிக் கதைக்கிறது என்று கேட்பார். கதைக்கத்தான் மில்லே வைத்திருந்தார் போல. அந்தத் தூள் நெஞ்சுக்குள் போய்ப் படிந்ததா, சுருட்டுப் புகையா, இரண்டுமா என்று டொக்டர்மார் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். எதுவோ, அறுபத்தெட்டு வயதில் அவரால் கிணற்றடிக்குப் போய்த் திரும்பி வர ஏலாமல் போயிற்று.

யாழ்ப்பாணத்தில் நெஞ்சு டொக்டர், இனி வீட்டில் ஒட்சிசன் வேண்டும் என்றார். இரண்டு லீற்றர் அளவில் விட வேண்டும். விரலில் கௌவுகிற மீற்றர் எண்பத்தெட்டுக்கும் தொண்ணூற்றிரண்டுக்கும் நடுவில் காட்ட வேண்டும். இவரைப் போன்ற நோயாளிக்கு எண் குறைந்தாலும் பிழை, கூடினாலும் கூடாதாம். நடக்கும்போதுதான் குழாய் கட்டாயம் மூக்கில் இருக்க வேண்டும், கழற்றிவிட்டுத் திரியக்கூடாது என்று இரண்டு தரம் சொன்னார். மெசினை மகள் ஒழுங்குபண்ணி அனுப்பினாள். காற்றை இழுத்து ஒட்சிசனைப் பிரித்துக் கொடுக்கிற மெசின், நாலு சில்லு வைத்தது, போட்டால் பழைய குளிர்சாதனப் பெட்டி மாதிரி உறுமும். கரண்ட் போனால் பாவிக்க ஒரு சிலிண்டரும் வந்து அலுமாரிக்குப் பக்கத்தில் நின்றது. மற்றச் சாமான்களைப் பார்த்து வாங்குகிற பொறுப்பு என்னுடையது.

பெரியாஸ்பத்திரி வீதியில் மருத்துவச் சாமான் விற்கிற கடை ஒன்றுக்குப் போனேன். ஒட்சிசனுக்கு இத்தனை உருப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மூக்கில் வைக்கிற குழாயில் மட்டும் நாலு வகை. முனை நேரானது, வளைந்தது, கடினமானது, மெத்தென்றது. காது உரசாமல் இருக்கப் பஞ்சு உறை. காற்றை ஈரமாக்கத் தண்ணீர்ப் போத்தல். நான் ஒவ்வொன்றாக மூக்கடியில் பிடித்து மணந்து பார்த்தேன். குழாயின் ஒரு நுனியில் ஊதி மற்ற நுனியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் பொறுமைசாலி. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுவிட்டு, "ஆறுதலாப் பாருங்கோ அக்கா" என்றார். இவ்வளவு பொறுமையாக இருக்கிறாரே, எதையோ தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

கடைசியில் நீட்டுக் குழாய் ஒன்றை எடுத்துக் காட்டினார். சுருட்டிக் கட்டியிருந்தது, விரித்தால் ஐம்பது அடி.

"இதைப் பூட்டினா ஐயா வீடு முழுக்க நடந்து திரியலாம். மெசின் ஒரு இடத்திலை நிக்கும்."

"ஐம்பது அடி போறதுக்கிடையிலை காத்துக் களைச்சுப் போகாதோ?"

"இல்லை அக்கா. இரண்டு லீற்றருக்கு இந்த நீளம் ஒண்டும் செய்யாது. எல்லாரும் இதைத்தான் வாங்கினம்."

எல்லாரும் வாங்குகிறார்கள் என்று ஒருவர் சொன்னால் நான் அந்தப் பொருளைக் கீழே வைத்துவிடுவேன். அதையும் வைத்துவிட்டேன். மூக்குக் குழாயோடு சேர்ந்து வருகிற ஏழடியே போதும் என்றேன். "மெசினுக்குச் சில்லு இருக்குதுதானே. எங்கை போறதெண்டாலும் நான் உருட்டிக்கொண்டு போவன்."

அப்படித்தான் செய்தேன். அவர் மலகூடத்துக்குப் போக வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுவார். நான் மெசினை உருட்டிக்கொண்டு முன்னால் போவேன், அவர் ஏழடிக் குழாயில் பின்னால் வருவார். வாசலில் நான் நிற்பேன். மண்ணில் சில்லு உருளாது, வயரும் எட்டாது, ஆகவே முற்றத்துக்கு இறங்குவது நின்றுபோயிற்று. ஒருநாள் சிரித்துக்கொண்டு, "ஆட்டுக்கும் இதைவிட நீட்டுக் கயிறு விடுவாங்கள்" என்றார். நானும் சிரித்தேன். பகிடி என்றுதான் நினைத்தேன்.

ஒரு வருடம் அப்படிப் போனது. நான் வேலையைக் குறைவில்லாமல் செய்தேன். எங்கள் கிணறு உவர், போத்தலுக்குள் அதை விட்டால் வெள்ளை படியும். சந்திக்குப் பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறவைத்து, துணியில் வடித்து ஊற்றினேன். சிலிண்டரின் மூட்டில் சவர்க்கார நுரை பூசி, குமிழி வருகிறதா என்று பார்த்தேன். மூக்குக் குழாயை இரண்டு கிழமைக்கு ஒருமுறை மாற்றினேன். காலையும் பின்னேரமும் விரல் மீற்றரின் எண்ணை நாட்காட்டியில் எழுதினேன். தொண்ணூறு, தொண்ணூற்றொன்று, தொண்ணூறு. அந்த எண்களைப் பார்த்தால் எனக்கு வயிறு நிறைந்துவிடும்.

மகளுக்கு நான் வருடம் இரண்டு தரம், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் அனுப்புவது வழக்கம். போன முறை அனுப்பிய மா பூச்சி பிடித்துவிட்டது என்று குறைப்பட்டாள். பிறகு அவள் அனுப்பிய பார்சலில், தகப்பனுக்கு இரண்டு மெத்தென்ற மூக்குக் குழாய், காதுப் பஞ்சு, அதோடு மாவைப் போட்டு மூடுகிற தடித்த பிளாஸ்ரிக் பைகள், சீனிப் பொட்டலம் அளவில் வெள்ளையாக ஐம்பது சின்னப் பக்கற் எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்தன. தொலைபேசியைச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்தேன். அவரும் பக்கத்தில் கதிரையில் இருந்தார்.

"இந்தச் சின்னப் பக்கற் என்ன பிள்ளை?"

"அதம்மா, ஒட்சிசன் எடுக்கிற பக்கற்."

மெசின் உறுமிக்கொண்டிருந்தபடியால் மிச்சம் விளங்கவில்லை. நான் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்க் கேட்டேன். மாப் பைக்குள் ஒன்றைப் போட்டு இறுக்கி மூடினால், உள்ளே இருக்கிற ஒட்சிசனை அது எடுத்துவிடும், பூச்சி உயிர் வாழாது, மா சிக்கு மணக்காது என்று விளக்கினாள். உள்ளே இருப்பது இரும்புத் தூளாம். பாவிக்காததைக் காற்றுப் போகாத போத்தலில் வைக்க வேண்டும், திறந்து வைத்தால் பழுதாகிவிடும் என்றாள்.

"பைக்குள்ளை எடுக்கிற சாமான் வீட்டுக்குள்ளையும் எடுக்காதோ?" என்று கேட்டேன்.

மகள் சிரித்தாள். "அம்மா, அது சின்னப் பைக்குத்தான் காணும். வீட்டை ஒண்டும் செய்யாது."

அவள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஒட்சிசனுக்காக ஒரு மனிசன் மெசினோடு கட்டுண்டு கிடக்கிற வீட்டில், ஒட்சிசனை எடுக்கிற சாமான் ஐம்பது. எண்ணிப் பார்த்துக் கண்ணாடிப் போத்தலில் போட்டேன். மூடியை இறுக்கி, அவருடைய கதிரையிலிருந்து எவ்வளவு தூரம் வைக்க முடியுமோ அவ்வளவு தூரத்தில், குசினியின் கடைசித் தட்டில் வைத்தேன்.

மா வேலைக்குப் பக்கத்து வளவுக்காரி வருவாள். என்னைவிடப் பத்து வயது இளையவள், புருஷன் இல்லை. ஒடியல் இடித்து, அரிதட்டில் அரித்து, வறுத்துத் தருவாள். திங்கள், புதன், வெள்ளி காலையில் வந்து மத்தியானம் போவாள். அதிகம் கதைக்க மாட்டாள். வரும்போது அவரைப் பார்த்து, "எப்பிடி அண்ணை?" என்பாள். அவர், "இருக்கிறன்" என்பார். அவ்வளவுதான். மாவைப் பையில் போட்டு, பக்கற் வைத்து மூடுகிற வேலையையும் அவளுக்குக் காட்டிக் கொடுத்தேன். அவளும் தன் வீட்டில் ஒடியல் மா செய்து விற்கிறவள். பக்கற்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் அதைக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

பார்சல் வந்து இரண்டு கிழமைக்குப் பிறகு பின்னேர எண் விழத் தொடங்கியது. காலையில் தொண்ணூற்றொன்று. பின்னேரம் எண்பத்துநாலு. அடுத்த நாள் சரியாகிவிடும். அதற்கடுத்த நாள் எண்பத்திரண்டு. அவருடைய நகம் மங்கிய கத்தரிப்பூ நிறமாக இருந்தது. என்ன செய்கிறது என்று கேட்டால், "ஒண்டுமில்லை, களைப்பு" என்றார்.

இந்த மனிசன் என் கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறார் என்று பயந்தேன். பயந்தால் எனக்கு அழுகை வராது, சந்தேகம் வரும். முதலில் விரல் மீற்றரைச் சந்தேகித்தேன். பற்றரி மாற்றினேன், என் விரலில் போட்டுப் பார்த்தேன், தொண்ணூற்றெட்டு காட்டியது. மூக்குக் குழாயின் நுனியை ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் விட்டேன், குமிழி நன்றாக வந்தது. மெசினின் தூசி வடியைக் கழற்றிக் கழுவிக் காயவைத்தேன். பவுசர் தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது என்று ஒரு கிழமை கடைப் போத்தல் தண்ணீர் விட்டேன். அந்தக் கிழமையும் எண் விழுந்தது. கிளினிக்குக்குத் தொலைபேசி எடுத்தால், ஐயாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ என்றார்கள். அவர் வர மறுத்தார். பாலம் தாண்டிப் போய்வர ஏலாது, அடுத்த மாதம் கிளினிக் திகதி வருகிறதுதானே என்றார்.

ஒருநாள் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் பிடிபட்டது. எண் விழுந்த நாள்கள் எல்லாம் திங்கள், புதன், வெள்ளி. பக்கத்து வளவுக்காரி வருகிற நாள்கள்.

உடனே குசினிக்குப் போய்ப் போத்தலை இறக்கினேன். மூடி அரைகுறையாகக் கிடந்தது. எண்ணினேன். மாப் பைகளுக்குப் போனது பன்னிரண்டு, மிச்சம் முப்பத்தெட்டு இருக்க வேண்டும். முப்பத்தொன்றுதான் இருந்தது. எல்லாம் ஒழுங்காகப் பொருந்தி வந்தது. தன் மாவுக்கு வைக்க இவள் பக்கற் எடுக்கிறாள். எடுத்துவிட்டு மூடியை இறுக்காமல் போகிறாள். திறந்து கிடக்கிற பக்கற்றுகள் வீட்டிலுள்ள ஒட்சிசனை எடுக்கின்றன. மெசின் வீட்டுக் காற்றிலிருந்துதானே இழுக்கிறது, அதற்கு எங்கே கிடைக்கும். பின்னேரமாகும்போது அவருடைய எண் விழுகிறது. மகள் சிரித்தாளே என்று மகள் மேலும் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை அவள் அரிதட்டோடு இருக்கும்போது போத்தலைக் கொண்டுபோய் அவளுக்கு முன்னால் வைத்தேன்.

"இதின்ரை மூடி திறந்து கிடக்குது. ஏழு பக்கற்றைக் காணேல்லை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"உமக்கு வேணுமெண்டா கேட்டிருக்கலாம். நான் தரமாட்டன் எண்டு சொல்லியிருப்பனோ? களவா எடுத்தாலும் மூடியை எண்டாலும் இறுக்கியிருக்கலாம். அவருக்கு மூச்சு ஏலாமல் போகுது."

அவள் அவரிருந்த அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். மெசின் உறுமிக்கொண்டிருந்தது. பிறகு அரிதட்டைச் சுவரோடு சாய்த்து வைத்தாள், கையில் ஒட்டிய மாவைத் தட்டினாள்.

"நான் எடுக்கேல்லை அக்கா" என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள். அடுத்த திங்கள் அவள் வரவில்லை. நல்லது, குற்றமுள்ள மனசு என்று நினைத்தேன்.

அந்தத் திங்கள் பின்னேரமும் எண் எண்பத்தொன்று.

நான் போத்தலை எண்ணினேன். முப்பது. மூடியை நானே துணி வைத்து இறுக்கியிருந்தேன், அது மறுபடி தளர்ந்து கிடந்தது. புதன் அவள் வரவில்லை. எண் எண்பது. போத்தலில் இருபத்தொன்பது.

அன்று படுக்கப் போகவும் மனம் வராமல் நாட்காட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்தேன். திங்கள், புதன், வெள்ளியில் வேறு என்ன நடக்கிறது. பூக்காரன் வருவதில்லை. தபால்காரர் நாள் பார்த்து வருவதில்லை. சந்திக்குப் பவுசர் வருகிறது. நாலு மணிக்குத் தண்ணீர்க் கான்களை எடுத்துக்கொண்டு நான் போகிறேன். வரிசையில் நின்று திரும்பி வர முக்கால் மணித்தியாலம் ஆகும். வந்தவுடன் விரலில் மீற்றரைப் போடுகிறேன். அந்த வீட்டில் திங்கள், புதன், வெள்ளியில் இல்லாமல் போகிறது ஒட்சிசன் மட்டுமல்ல, நானும்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

ஆர் வருகிறார்கள் நான் இல்லாத நேரம் என்பதுதான் என் அடுத்த கேள்வி. புத்தி அந்தப் பக்கம்தான் போனது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, "தண்ணிக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கான்களோடு படலையால் வெளியே போனேன். ஒழுங்கையைச் சுற்றி, பின்வேலியில் ஆள் நுழையக்கூடிய பொட்டுக்குள்ளால் குனிந்து வந்து, கிணற்றடியில் தண்ணீர் மோட்டர் வைத்திருக்கிற கொட்டிலுக்குப் பின்னால் நின்றேன். அங்கிருந்து குசினி யன்னலும் தெரியும், முற்றமும் படலையும் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் அவரைக் குசினிக்குள் கண்டேன். மூக்கில் குழாய் இல்லை. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து, போத்தலை இறக்கி, மூடியைத் திறந்து, ஒரு பக்கற்றை எடுத்துச் சேட்டுப் பொக்கற்றுக்குள் வைத்தார். போத்தலைத் திரும்ப மேலே வைக்க இரண்டு தரம் முயன்றார். பிறகு முற்றத்தில் இறங்கினார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் மண்ணில் கால் வைத்து நடப்பதைப் பார்த்தேன்.

நான் ஓடிப்போய்ப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. மூச்சில்லாத மனிசன் தனியே நடக்கிறார், நான் கொட்டிலுக்குப் பின்னால் நின்று, ஆரைச் சந்திக்கப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் படலைக்குப் போய் அதில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ஒழுங்கையைப் பார்த்தபடி நின்றார். ஒரு சைக்கிள் போனது. பள்ளிக்கூட உடுப்போடு இரண்டு பெட்டைகள் போனார்கள், அவர்களிடம் ஏதோ கேட்டார், அவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒழுங்கை வெறுமையாக இருந்தது. அவர் ஆருக்கும் காத்திருக்கவில்லை. வெறுமனே நின்றார். பொக்கற்றிலிருந்து பக்கற்றை எடுத்து, உள்ளங்கையில் பொத்தி, மூக்கோடு சேர்த்து வைத்து நீட்டாக மூச்செடுத்தார். இரண்டாம் தரம் எடுக்கும்போது முழங்கால் மடிந்தது.

நான் போய்ச் சேரும் முன் பக்கத்து வளவுக்காரி வேலியைக் கடந்து வந்துவிட்டாள். தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்திருந்தாள். அவருடைய உதடு நாவல்பழம் சாப்பிட்டவருடையது போல இருந்தது. காலை நான் பிடிக்கச் சாடை காட்டினாள். இரண்டு பேருமாகத் தூக்கி உள்ளே கொண்டுபோய்க் கதிரையில் இருத்தி, குழாயை மூக்கில் வைத்தோம். மீற்றர் அறுபத்தொன்பது காட்டியது. நான் மெசினின் அளவைக் கூட்டப் போனேன். "டொக்டர் இரண்டு எண்டுதானே சொன்னவர்" என்று அவள் என் கையைப் பிடித்தாள். அம்புலன்சுக்கும் அவள்தான் அடித்தாள். அது வரும்போது எண்பத்துமூன்று. நான் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன், அவள் தன் வளவுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் காலை யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வாட்டில் அவருக்கு முகம் தெளிந்திருந்தது. நான் ஸ்ரூலை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"இஞ்சாருங்கோ, அந்தப் பக்கற்றை ஏன் எடுத்தனீங்கள்?"

"அது ஒட்சிசன் எடுக்கிற பக்கற்தானே" என்றார். "பிள்ளை சொன்னவள். என்ரை குழாயோடைதானே அனுப்பினவள்."

நான் அவருடைய போர்வையை இழுத்துவிட்டேன்.

"வெளியிலை எடுத்துக் கையிலை வச்சா லேசாச் சுடும். வேலை செய்யுதெண்டு நினைச்சன். படலை மட்டும் போய் வரக் காணும் எண்டு நினைச்சன்."

எங்கள் வீட்டில் ஒரு வருடமாக அந்தச் சொல்தான். ஐயா ஒட்சிசன் எடுக்கிறார். இன்றைக்கு ஒட்சிசன் எடுத்தனீங்களோ. பார்க்க வருகிறவர்களும், இன்னும் எடுக்கிறாரோ என்றுதான் கேட்பார்கள். மருந்து எடுக்கிறது, மூச்சு எடுக்கிறது, அதே மாதிரி இதுவும். நான் குசினிக்குள் கேட்டதோ, களவு எடுக்கிற மாதிரி இல்லாமல் பண்ணுகிற எடுப்பு. மகள் சொன்ன சொல்லில் பிழையில்லை. அவர் கேட்டதிலும் பிழையில்லை. தொலைபேசியை அவருக்குப் பக்கத்திலிருந்து தூக்கிக்கொண்டு போனவள் நான்.

"என்னட்டை ஒருக்காக் கேட்டிருக்கலாமே" என்றேன்.

"உம்மட்டைக் கேட்டா நீர் மணந்து பாப்பீர், வெட்டிப் பாப்பீர். பிறகு பூட்டி வச்சிடுவீர்." கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

வாட்டிலிருந்து நேரே அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னை மறக்கவில்லை. ஐம்பது அடிக் குழாய் என்றேன். இந்த முறை மணக்கவில்லை, ஊதவில்லை. அவர்தான், "பாத்து எடுங்கோ அக்கா" என்றார். வேண்டாம், சுற்றித் தாங்கோ என்றேன்.

அவர் வீட்டுக்கு வந்த அன்றே பூட்டினோம். கால் தடக்காமல் சுவரோரமாகக் கொக்கி அடித்துக் கொண்டுபோனேன். மெசினிலிருந்து விறாந்தையால் இறங்கி, முற்றத்தைக் கடந்து, படலைக்கு எட்டியும் இரண்டடி மிச்சம் இருந்தது. படலையில் ஒரு கதிரை போட்டு இருத்தி, விரலில் மீற்றரைக் கௌவ வைத்தேன். தொண்ணூறு. நான் பக்கத்தில் நின்று பத்து நிமிடம் பார்த்தேன். தொண்ணூறுதான். காற்றுக் களைக்கவில்லை. அவர் என்னைப் பாராமல் ஒழுங்கையைப் பார்த்தபடி, "உமக்கு உள்ளுக்கு வேலை ஒண்டும் இல்லையோ?" என்றார்.

இருந்தது. பக்கத்து வளவுக்குப் போனேன். அவள் முற்றத்தில் பாயில் ஒடியல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பினாள், வாங்கோ என்று சொல்லவில்லை.

"பக்கற் எடுத்தது அவர்தான்" என்றேன். "நான் உம்மைப் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"தெரியும் அக்கா."

"என்ன தெரியும்?"

"அண்ணை எடுக்கிறது. நீங்கள் தண்ணிக்குப் போற நேரம் படலையிலை வந்து நிப்பார். நான் வேலிக்கு இஞ்சாலை நிண்டு கதைக்கிறனான். பக்கற்றைக் காட்டினவர். மகள் புதுச் சாமான் அனுப்பினவள், இதிருந்தாக் குழாய் தேவையில்லை எண்டு சொன்னவர். நானும் அப்பிடித்தான் நம்பினனான். மாவுக்குப் போடுறது வேறை, இது வேறை எண்டு நினைச்சன்."

எனக்கு அவள் மேல் கோபம் வரப் பார்த்தது. இவள் வெளியே சொல்லியிருந்தால் அவர் விழுந்திருக்க மாட்டார். அதேநேரம் போத்தலை அவளுக்கு முன்னால் வைத்த அன்று நான் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. அவர் இருந்த அறைப் பக்கம் அவள் பார்த்த பார்வையும் வந்தது.

"நான் அண்டைக்கு அவ்வளவு சொல்லேக்கை நீர் ஏன் வாயைத் திறக்கேல்லை?"

அவள் குனிந்து பாயின் ஓரத்தில் கிடந்த ஒடியலைப் பரவினாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்ல வேண்டாம் எண்டு அண்ணை கேட்டவர். நான் மறைச்சா எனக்குக் கள்ளி எண்ட ஒரு சொல்லோடை போகும், உங்களுக்குத் தெரிஞ்சா அவருக்குப் படலை இல்லை. நான் சொல்லியிருந்தா நீங்கள் அவரை வெளியிலை விட்டிருப்பியளோ அக்கா?"

"மாட்டன்" என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.